பிரிவு நாளுக்குப் போட்ட தோல் உறை

லிட்டில் டன்னிங்,
ஷ்ராப்ஷயர்.
நவம்பர் 3, 2019

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

தம்பி கென்னத் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெரிலும் சௌக்கியம், பூனை சௌக்கியம், கூரை மட்டும் வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. அங்கே நீயும் உன் முழங்காலும் நல்லபடியாக இருக்க வேண்டும். நவம்பரிலும் வெறுங்காலில் செருப்பு மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அதனால் அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கள் பெண் ஹெதர் கல்யாணத்துக்கு நம் தேவாலயத்தில் மணி அடிப்பார்களா, மாட்டார்களா? ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஸ்பெயினில் இருந்துகொண்டு நம் ஊர்ப் பேச்சு உனக்கு எப்படி வந்து சேர்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. பெரிலிடம் கேட்டால் தொலைபேசிக் கட்டணத்தைக் காட்டுவாள். பதில் என்னவோ ஒரு வார்த்தைதான். ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்பினால் நீ அடுத்த விமானத்தில் ஏறி வந்து விவரம் கேட்பாய் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நீ கோபுரத்தில் ஒருநாளும் ஏறியதில்லை, தூசி ஒத்துக்கொள்ளாது என்பாய். அங்கே ஆறு மணிகள், ஆறு கயிறுகள், கயிற்றுக்கு ஓர் ஆள். மணி ஒவ்வொன்றும் ஒரு பசுமாட்டின் கனம். ஒருவர் இழுத்த பிறகு அடுத்தவர், அவருக்குப் பிறகு அடுத்தவர், வரிசை மாறி மாறி வரும். பக்கத்து ஆளின் கையைப் பார்க்காமல் யாரும் இழுக்க முடியாது. ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால் ஆறு பேரின் வேலையும் கெடும். அந்த ஆறு பேரையும் கட்டி மேய்ப்பதற்குக் கோபுரத் தலைவர் என்று ஒரு பதவி, அது பன்னிரண்டு வருஷமாக என் தலையில் இருக்கிறது. முதல் மணி என்னுடையது. இரண்டாவது ரோசலிண்ட் ஃபென், பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது கசாப்புக்கடை சிரில் மேடக்ஸ். நான்காவது பெரில். ஐந்தாவது தபால்காரர், ஆறாவது கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் பெண்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வரலாமா வேண்டாமா என்று நாடு ஓட்டுப் போட்டதே, அதில் எங்கள் கோபுரம் சரிபாதியாகப் பிளந்தது. சிரிலும் தபால்காரரும் நானும் போகலாம் கட்சி. ரோசலிண்டும் நர்ஸ் பெண்ணும் பெரிலும் இருக்கலாம் கட்சி. நான் ஏன் அப்படிப் போட்டேன் என்பது உனக்குத் தெரியும். அப்பாவும் நானும் கறந்த பாலை, அளவு மீறிவிட்டது என்று ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸ் ஆபீஸ் கணக்குக்காகச் சாக்கடையில் ஊற்றிய காலையை நான் மறக்கவில்லை. பெரிலைக் கேட்டால், "மாட்டை விக்க வச்சது பிரஸ்ஸல்ஸ் இல்ல கென், டவுன்ல இருக்கிற சூப்பர் மார்க்கெட்டு" என்பாள். இதை மூன்று வருஷமாகக் காலை உணவின்போது சொல்கிறாள், நானும் மூன்று வருஷமாகப் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். மற்றபடி வீட்டில் அமைதிதான். நீ இருபது வருஷமாக ஸ்பெயின் வெயிலில் காய்ந்துகொண்டே, "நம்ம நாடு அவங்கள விட்டு வெளியே வந்துரணும்" என்று போனில் சொல்கிறவள், அதனால் உன்னை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று கோபுரத்தில் இன்னும் முடிவாகவில்லை.

கயிற்றைத் தொட்டால் அரசியல் பேசக்கூடாது என்று நான் ஒரு விதி போட்டேன். அது மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. இந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் விலகல் என்று தேதி குறித்தார்கள் பார், அங்கேதான் கெட்டது. சிரில் கடையை அடைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து, "கென்னத்து, அன்னைக்குச் சாயங்காலம் நம்ம ஆறு மணியையும் கோபுரம் அதிர அடிக்கணும்பா. போர் முடிஞ்சப்போ அடிச்சாங்கள்ல, அது மாதிரி" என்றான். பெரில் அடுக்களையிலிருந்தே, "என் கயிறு அன்னைக்கு லீவு" என்றாள். ரோசலிண்ட் இன்னும் மரியாதையாகச் சொன்னார். "மிஸ்டர் ப்ரூவிட், நீங்க அடிங்க, நான் தடுக்கல. நான் அன்னைக்குக் கருப்பு உடுத்திக்கிட்டு, கேட்டுக்கு வெளியே நின்னுக்குவேன்."

இந்தப் பஞ்சாயத்து ஆயர் ப்ரூடென்ஸ் அம்மாவிடம் போயிற்று. அவர் ஐந்து ஊருக்கு ஒரே ஆயர், எந்த ஊரிலும் யாரையும் பகைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. அவர் சொன்ன வழியைக் கேள். சாவு விழுந்தால் மணியின் நாக்குக்கு ஒரு பக்கம் மட்டும் தோல் உறை கட்டுவோம் அல்லவா? ஓர் அடி கணீரென்று விழும், மறு அடி எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல அமுங்கி விழும். அதையே கட்டிக்கொள்ளுங்கள் என்றார். கணீர் என்பது சந்தோஷப்படுகிறவர்களுக்கு, அமுங்கியது வருத்தப்படுகிறவர்களுக்கு. நான் இதைவிட நல்ல தீர்ப்பை என் ஆயுளில் கேட்டதில்லை. கணீர்தான் உண்மையான அடி, மற்றது அதன் எதிரொலி என்று சிரில் ஒப்புக்கொண்டான். அமுங்கியதுதான் மனசில் நிற்கும் என்று ரோசலிண்ட் ஒப்புக்கொண்டார். சிரில் ஆர்வம் தாங்காமல் தேதிக்கு முன்பே மேலே ஏறி ஆறு நாக்குகளுக்கும் உறை கட்டிவிட்டான்.

பிறகு நாடாளுமன்றத்தில் ஒன்றும் தேறாமல் தேதியைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் தள்ளிய தேதியையும் தள்ளினார்கள். இதற்கெல்லாம் நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் உறையை யார் அவிழ்ப்பது? கட்டியவன் அவிழ்ப்பான் என்று நான் நினைத்தேன். தேதி தள்ளிப்போனதில் சந்தோஷப்பட்டவர்கள் அவிழ்க்கட்டும் என்று சிரில் நினைத்தான். தலைவர் எதற்கு இருக்கிறார் என்று ரோசலிண்ட் நினைத்தார். யாரும் அவிழ்க்கவில்லை.

அடுத்து நாங்கள் கயிற்றைத் தொட்டது அந்த மார்ச் கடைசியிலேயே, அன்னையர் ஞாயிறு காலையில். முதல் இழுப்பு கணீர். இரண்டாவது இழுப்பு கம்பளிக்குள் இருமியதுபோல. அக்கா, ஆறு பேர் காதிலும் அது விழுந்தது. ஆறு பேரில் ஒருவர் வாயைத் திறந்து, "இது என்னங்க?" என்று கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நம் ஆட்களை உனக்குத் தெரியாதா? தேதி தள்ளிப்போன துக்கத்தில் சிரில் இப்படிச் செய்கிறான், பாவம், கேட்டால் புண்படுவான் என்று ரோசலிண்ட் நினைத்தார். விலகல் செத்துவிட்டது என்று ரோசலிண்ட் குத்திக் காட்டுகிறார், இதற்குப் பதில் சொல்லித் தன்னைத் தாழ்த்திக்கொள்ளக் கூடாது என்று சிரில் நினைத்தான். ஆயர் அம்மா சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று பெரில் நினைத்தாள். ஊரில் யாரோ இறந்துவிட்டார், தனக்கு மட்டும் சொல்லவில்லை, இப்போது போய் யார் என்று கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நர்ஸ் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே இழுத்தாள். தபால்காரர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே அரைமணி நேரம், ஒரு பிசிறில்லாமல், மிகுந்த மரியாதையோடு, அன்னையர் ஞாயிறு அன்று ஊருக்கே சாவு மணி அடித்தோம்.

கீழே ஊர் சும்மா இருக்குமா? தொண்ணூற்றேழு வயது வினிஃப்ரெட் டாப்செல் இடுப்பு ஆபரேஷன் முடிந்து அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தார். வேறு யாராக இருக்க முடியும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மதுக்கடைக்காரர் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கினார். அம்மாவுக்கு வாங்கிய பூச்செண்டை அம்மா கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் வினிஃப்ரெட்டே கதவைத் திறக்கிறார், கையில் பாதி தின்ற ரொட்டி. "என்ன வேணும்?" என்கிறார். வந்தவர் என்ன சொல்வார்? "ஒண்ணுமில்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று பூவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அடுத்தவரும் சும்மா அந்தப் பக்கம் வந்தார். மதியத்துக்குள் அவர் கூடத்தில் நடக்க இடமில்லாத அளவுக்குப் பூ, அடுக்களை மேசை முழுக்க ஷெப்பர்ட்ஸ் பை என்கிற கறிப் பதார்த்தம். யாரும் காரணம் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பூச்செண்டில் சொருகியிருந்த அட்டையில், 'உங்கள் பேரிழப்பில் பங்கு கொள்கிறோம்' என்று படித்த பிறகுதான் தான் இறந்துபோன விஷயம் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கறிப் பதார்த்தங்களை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

அன்று மாலை கோபுரத்தில் எல்லாம் வெடித்தது. வெடித்தது என்றால் நம் ஊர் வெடிப்பு, யாரும் குரலை உயர்த்தவில்லை. "நான் யாரையும் சொல்லல, ஆனா கட்டினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார் ரோசலிண்ட். "அவிழ்க்க வேண்டியது யாருன்னும் எல்லாருக்கும் தெரியும்" என்றான் சிரில். பிறகு இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கதவைத் திறந்து பிடித்து, "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று நின்று, அதன் பிறகு மாதக்கணக்கில் அந்தக் கோபுரத்தில் சேர்ந்து ஏறவே இல்லை. ஒரு ஞாயிறு போகலாம் கட்சி மூன்று பேர், மறு ஞாயிறு இருக்கலாம் கட்சி மூன்று பேர் என்று பிரித்துக்கொண்டோம். உறையை அப்போதும் யாரும் அவிழ்க்கவில்லை, ஊரும் அமுங்கிய மணிக்குப் பழகிவிட்டது. ஆறு மணிகள் இருக்கும் கோபுரத்தில் மூன்றை மட்டும் அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? யாரோ மாடிப்படியில் பாத்திரத்தைத் தவறவிட்டு ஒவ்வொரு படியாக அது இறங்கி வருவதுபோல இருக்கும். என் முறை இல்லாத ஞாயிறுகளில் பெரில் கோட்டை மாட்டிக்கொண்டு மணி அடிக்கப் போவாள், நான் வீட்டில் உருளைக்கிழங்கு உரிப்பேன். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதில்லை, அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் மே மாதம் ஹெதர் வில்லெமைக் கூட்டிக்கொண்டு வந்து டிசம்பரில் கல்யாணம் என்றாள். நம் தேவாலயத்தில்தான், மணி அடித்துத்தான். குழந்தையாக அவளைக் கூடையில் போட்டு ஐந்தாம் கயிற்றின் கீழே வைத்துவிட்டு நானும் பெரிலும் மணி அடித்திருக்கிறோம், அந்தச் சத்தம் இருந்தால்தான் தூங்குவாள். "அப்பா, ஆறும் அடிக்கணும்" என்றாள். "ஆறும்தாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்துகொண்டு நான் எதற்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

வில்லெம் நல்ல பையன். ஹாலந்துக்காரன், கடல் உள்ளே வராமல் கரை கட்டும் என்ஜினியர். ஒரே குறை, மனசில் இருப்பதை நேராகக் கேட்டுவிடுவான். அவர்கள் ஊரில் அது மரியாதையாம். ஞாயிறு மதியம், நடுவில் மாட்டு வறுவல், சுற்றி நாங்கள் நால்வர். "மிஸ்டர் ப்ரூவிட், நீங்க ஏன் எங்கள விட்டுப் போகணும்னு ஓட்டுப் போட்டீங்க?" என்றான். கோபமே இல்லை, மழை வருமா என்று கேட்கிறவன் குரல்தான். "கொஞ்சம் கிரேவி ஊத்திக்கோ தம்பி" என்றேன். ஊற்றிக்கொண்டான். "சரி, ஏன்?" என்றான். உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்தினேன். எடுத்துக்கொண்டு காத்திருந்தான். வேறு வழியில்லாமல் பால் கதையைச் சொன்னேன், சாக்கடை வரை சொன்னேன். அவன் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு, "எங்க தாத்தாவும் அதே வருஷம் ஊத்தினாரு. அவரு அழுதாரு" என்றான். அன்று பெரில் அந்தச் சூப்பர் மார்க்கெட் பேச்சை எடுக்கவில்லை, மறுநாள் காலை உணவின்போதும் எடுக்கவில்லை.

ஆனால் கோபுரத்துக்கு அது உதவவில்லை. நான் சிரில் கடைக்கு மூன்று முறை போனேன், ரோசலிண்டிடம் மூன்று முறை தேநீர் குடித்தேன். "ஹெதருக்காக உயிரையும் குடுப்பேன்பா, ஆனா அந்தம்மா பக்கத்துல நின்னு கயிறு இழுக்க மாட்டேன்" என்றான் அவன். இவர் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு, "அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டா யோசிக்கிறேன்" என்றார். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பது கஷ்டமில்லை, நிற்கிற நாற்காலியில் இடித்துக்கொண்டாலும் கேட்போம். உண்மையிலேயே தப்பு செய்தபோதுதான் வராது.

கடைசியில் காரியத்தைச் செய்தவர் இறந்துபோன வினிஃப்ரெட்தான். செப்டம்பரில் ஒருநாள் ஆட்டுத் தொடை வாங்கச் சிரில் கடைக்குப் போனவர், கடை நிறைய ஆட்கள் நிற்க, "என் சாவு மணிய நானே காதால கேட்டேன். பரவாயில்ல. ஆனா ஒரு மணி பிந்திப் பிந்தி விழுந்துச்சு. இன்னொரு தடவ சாகறப்போ அத சரி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, ஐரோப்பாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல், மணி அடிக்கிறவனிடம் உன் மணி பிந்தியது என்று மட்டும் சொல்லிவிடாதே. அது ரோசலிண்டின் இரண்டாவது மணிதான் என்று சிரில் அன்று தொத்திறைச்சி வாங்கின எல்லோரிடமும் சொன்னான். சிரில் தன் மூன்றாவது மணியை அவசரப்பட்டு இழுத்ததால்தான் தன்னுடையது பிந்தியதுபோலக் கேட்டது என்று ரோசலிண்ட் நூலகத்தில் சொன்னார். ஒரு வாரம் ஊரில் பிரெக்ஸிட் பேச்சே இல்லை. அடுத்த செவ்வாய் மாலை, நான் கூப்பிடாமலே ஆறு பேரும் கோபுரத்துக்கு வந்து நின்றார்கள். சமாதானத்துக்கு வரவில்லை, மற்றவர் தப்பை நிரூபிக்க வந்திருந்தார்கள். உறைகளை நானே போய் அவிழ்த்தேன். கீழே கல்லறைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி, வினிஃப்ரெட்டை நீதிபதியாக உட்கார வைத்தோம்.

"கயிறு பிடிங்க" என்றேன். "முதல் மணி கிளம்பிருச்சு." ஆறு மாதத்துக்குப் பிறகு ஆறு மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இருபது நிமிஷம். பெரில் என் கையைப் பார்த்து இழுக்கிறாள், சிரில் ரோசலிண்டின் கையைப் பார்த்து இழுக்கிறான், பார்க்காமல் முடியாதே. நான் அழவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. முடித்ததும் ஆறு பேரும் படியிறங்கி ஓடினோம்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் வினிஃப்ரெட். "இப்ப யாரு செத்தது?"

"யாரும் சாகல டாப்செல் அம்மா. எது பிந்துச்சு, அத சொல்லுங்க" என்றான் சிரில்.

"அன்னைக்கு எதுவோ அதேதான் இன்னைக்கும். எல்லாத்துக்கும் முன்னால கிளம்புதே, அது. முதல் மணி."

முதல் மணி என்னுடையது என்று மேலேயே எழுதியிருக்கிறேன், மறுபடி சொல்ல வைக்காதே. சிரிலும் ரோசலிண்டும் மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "தலைவரே இப்படின்னா நாங்க என்னத்தச் சொல்ல" என்றான் அவன். "பன்னெண்டு வருஷமா மரியாதைக்காகச் சும்மா இருந்தோம்" என்றார் இவர். பெரிலும் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து ஐந்து பேரும் ஒரே கட்சி, நான் ஒருவன் தனிக் கட்சி. எனக்கு வருத்தமில்லை. அக்டோபர் கடைசியில் மறுபடி விலகல் தேதி வந்து மறுபடி தள்ளிப்போனதை எங்கள் கோபுரத்தில் யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை, செவ்வாய்க்குச் செவ்வாய் என் முதல் மணியைத் திருத்துவதிலேயே நேரம் போய்விடுகிறது. ஆகவே உன் கேள்விக்குப் பதில்: அடிப்பார்கள். ஆறும் அடிப்பார்கள். டிசம்பர் பதினான்கு, சனிக்கிழமை, பதினோரு மணிக்கு நீ இங்கே வாசலில் நின்று கேட்கப்போகிறாய்.

வரும்போது ஆலிவ் எண்ணெய் கொண்டுவா, கனமான கோட்டும் கொண்டுவா. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்ல உனக்கு அங்கே பக்கத்து வீட்டு நாயைத் தவிர யாருமில்லை, அதையும் விசாரித்ததாகச் சொல். கடவுள் உன் முழங்காலைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
கென்னத் ப்ரூவிட்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு ஹெதர் போன் செய்தாள். மறுபடி பிரித்து எழுதுகிறேன். விமானச்சீட்டை இங்கே வருவதற்கு எடுக்காதே, ஆம்ஸ்டர்டாமுக்கு எடு. கல்யாணம் ஹாலந்தில், வில்லெமின் ஊர் டெவென்டரில். "அப்பா, பன்னெண்டாம் தேதி தேர்தல்னு அறிவிச்சுட்டாங்க. பதினாலாம் தேதி என் கல்யாணம். யாரு ஜெயிச்சாலும் உங்க ஆறு பேர்ல பாதிப் பேர் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத நம்பி நான் வெள்ளை கவுன் தைக்க முடியாது" என்றாள். அந்த ஊர்க் கோபுரத்தில் நாற்பதுக்கு மேல் மணிகளாம். எல்லாவற்றையும் ஒரே ஆள், உச்சியில் தனியாக உட்கார்ந்து, மரக்கட்டைகளை முஷ்டியால் குத்திக் குத்தி வாசிப்பாராம். யார் சம்மதமும் வேண்டாம். நான் போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். பிறகு கோபுரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரில்தான் முதலில் பேசினான். "ஒரே ஆளா? அப்போ அவன் யாரோடதான் சண்டை போடுவான்?" ரோசலிண்ட் அவனைப் பார்த்து, "பாவங்க அந்த மனுஷன்" என்றார். ஆறு பேரும் ஒரே வேனில் போகிறோம்.